சட்டசபையை வழிநடத்திய முதல் பெண்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தநாள் இன்று

சரோஜினி நகர் (தில்லி), ஜூலை 30:

பிரிட்டிஷ் இந்தியாவின் முதல் பெண் சட்டசபை உறுப்பினரும், சென்னை மாகாண சட்டசபையின் துணைத் தலைவராகப் பொறுப்பு வகித்தவருமான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பிறந்தநாள் இன்று. அவர் அவையில் இருந்தது நான்கு ஆண்டுகளுக்கும் குறைவு. அந்தக் குறுகிய காலத்தில் அவர் தொடங்கிய பணி ஒன்று சட்டமாக நிறைவேற மேலும் 17 ஆண்டுகள் ஆயின.

1886-ஆம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி அய்யர் கல்வியாளர். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபில் வந்தவர். பெண்கள் உயர்கல்வி பெறுவது அரிதாக இருந்த அக்காலத்தில், புதுக்கோட்டை மன்னரின் அனுமதியுடன் ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுழைந்து 1912-இல் பட்டம் பெற்றார். தில்லியின் சரோஜினி நகருக்குப் பெயர் தந்த கவிஞர் சரோஜினி நாயுடுவின் அறிமுகம் கல்லூரி நாட்களில் கிடைத்தது. பெண்களுக்கான கூட்டங்களுக்குச் செல்லும் வழக்கமும் அப்போதே தொடங்கியது.

1914-இல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக நடத்த வேண்டும் என்பதே திருமணத்திற்கு அவர் விதித்த நிபந்தனை. பின்னர் பெண்கள், குழந்தைகள் நோய் குறித்த மேற்படிப்புக்காக லண்டன் சென்று திரும்பினார்.

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இலேயே கிடைத்திருந்தது. ஆயினும் உறுப்பினராகும் உரிமை 1926-இல்தான் வந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய சொற்ப வாக்குகளில் தோல்வியுற்றார். அதன் பின்னர், இந்திய மாதர் சங்கத்தின் முயற்சியால் முத்துலட்சுமி நியமன உறுப்பினரானார். வாக்குப் பெற்று வராத அவரை, அவையின் துணைத் தலைவராக உறுப்பினர்கள் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தனர். தலைவர் இல்லாத வேளைகளில் அவையை நடத்தும் பொறுப்பு அது.

பள்ளி மாணவியருக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றை அவையில் அவர் வலியுறுத்தினார். எனினும், அவர் பெயரை நிலைக்கச் செய்தது தேவதாசி முறைக்கு எதிரான போராட்டமே.

சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கம் நம்பிக்கையை மட்டும் சார்ந்ததல்ல, நிலத்தையும் சார்ந்தது. கோயில் பணிக்காக வழங்கப்பட்ட இனாம் நிலம், அப்பணியை யாரேனும் தொடரும் வரையே குடும்பத்திடம் இருக்கும். எனவே, மகளைப் பொட்டுக் கட்டாவிட்டால் வாழ்வாதாரத்தை இழக்க நேரிடும் என்ற அச்சம் இருந்தது. இந்த முடிச்சையே முத்துலட்சுமி முதலில் அவிழ்த்தார். அவரது முயற்சியால் 1929-இல் இந்து அறநிலையச் சட்டம் திருத்தப்பட்டு, கோயில் பணி செய்யாமலேயே நிலத்தை வைத்துக்கொள்ள வழி பிறந்தது.

அவையில் சத்தியமூர்த்தி உள்ளிட்டோர் அவரை எதிர்த்தனர். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரும் தங்கள் கலையும் உரிமைகளும் பறிபோகும் என்று அரசுக்கு மனு அளித்தனர். தாயின் மரபைச் சேர்ந்தவர்களே எதிரணியில் நின்றபோதும் அவர் பின்வாங்கவில்லை. பொட்டுக் கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-இல் முன்வைத்தார்.

அதே ஆண்டு உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தியடிகள் கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவி விலகினார். மசோதா முடிவடையாத நிலையில் எடுக்கப்பட்ட முடிவு அது. சுதந்திரத்திற்குப் பின், 1947-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அமைச்சரவைக் காலத்தில்தான் தேவதாசி ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது.

பதவி துறந்த பின்னரும் அவரது பணி ஓயவில்லை. ஆதரவற்று வந்த இளம்பெண்களுக்குத் தம் வீட்டிலேயே இடமளித்ததில் தொடங்கிய அவ்வை இல்லம், அடையாற்றில் இன்றும் இயங்குகிறது. தங்கை புற்றுநோயால் இறந்த துயரம், அந்நோய்க்கெனத் தனி மருத்துவமனை அமைக்கும் உறுதியை அவருக்கு அளித்தது. 1952-இல் பிரதமர் ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, 1954-இல் 12 படுக்கைகளுடன் செயல்படத் தொடங்கியது.

1956-இல் பத்ம பூஷண் விருது பெற்ற முத்துலட்சுமி ரெட்டி, 1968 ஜூலை 22-இல் சென்னையில் காலமானார். கர்ப்பிணிப் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவரது பெயரையே தாங்கியுள்ளது.