நிறத்தின் மூலத்தை நாடிய பேரறிஞர்: சர் சி. வி. இராமன்

பொருள்களின் நிறம் சாயத்தினால் மட்டும் அமைவதன்று. கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் முன்னே விரிந்து கிடக்கும் கீழ்க்கடலின் நீலத்தில் எவரும் சாயம் கரைத்தாரல்லர். உள்ளங்கையில் அள்ளிய அந்நீருக்கு நிறமும் இல்லை. முத்துச்சிப்பியின் உட்புறத்தில் வானவில் மிளிர்கின்றது. அதனைச் சுரண்டிப் பொடியாக்கினாலோ வெண்பொடியே எஞ்சுகின்றது. இத்தகைய நிறங்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்ற வினாவை வாழ்நாள் முழுதும் பற்றிநின்றவர் சர் சந்திரசேகர வேங்கட இராமன். மேற்பரப்புகளையும் மென்படலங்களையும் நனோமீற்றர் அளவில் ஆராயும் இன்றைய ஆய்கூடங்களில் நாள்தோறும் வழங்கும் பெயர் அவருடையதே. அன்னாரின் வரலாறு மாணவர் அறிந்து பயன்கொள்ளத்தக்கது.

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலிற் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டினத்துக் கல்லூரியொன்றில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தவர். மைந்தர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று 1904இல் பீ. ஏ. பட்டமும் 1907இல் எம். ஏ. பட்டமும் பெற்றார். மாணவராய் இருந்த காலத்திலேயே, 1906இல், ஒளி பற்றிய அவரது முதற் கட்டுரை இலண்டனிலிருந்து வெளிவந்த விஞ்ஞான ஏடொன்றில் இடம்பெற்றது. மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்ல உடல்நலம் இடந்தரவில்லை. விஞ்ஞானத்தையே தொழிலாகக் கொண்டு வாழும் வழி அக்காலத்து இந்தியாவில் அரிதாய் இருந்தமையால், 1907இல் அரசாங்க நிதித்துறையில் அலுவலராய்ச் சேர்ந்து கல்கத்தா சென்றார்.

அங்கே மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் ஆராய்ச்சியாளரின்றி உறங்கிக் கிடந்தது. அதன் கதவை இராமன் தட்டினார். பகலெல்லாம் கணக்கேடு, காலையும் மாலையும் ஆய்கூடம் என ஆண்டுகள் பத்துக் கழிந்தன. 1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவியை ஏற்றார். நிதித்துறையில் அவரை எதிர்நோக்கியிருந்த உயர்பதவியையும் பெருஞ்சம்பளத்தையும் கைவிட்டே இதனை ஏற்றார். குடும்பப் பொறுப்புள்ள ஒருவருக்கு அது எளிய துறவன்று.

1921இல் ஐரோப்பா சென்று மீளும் வழியில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவர் கருத்தைக் கவர்ந்தது. வானத்தின் பிரதிபிம்பமே கடல்நீலம் என்று அறிஞர் அதுவரை கருதினர். நீர் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதும் அதற்குக் காரணம் என இராமன் காட்டினார். அவ்வழியே தொடர்ந்த ஆராய்ச்சி, கே. எஸ். கிருஷ்ணனின் துணையோடு, 1928 பெப்ரவரி 28ஆம் நாள் கனிந்தது. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின்மேற் செலுத்தினால், சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி, ஏறக்குறைய கோடியில் ஒரு பங்கு, நிறம் மாறி வெளிவருகின்றது. அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறுகள் எவ்வாறு அதிர்கின்றன என்பதை உணர்த்தும். ஒவ்வொரு பொருளுக்கும் அது கைரேகை போன்றது. இதற்காக 1930இல் நோபல் பரிசு கிடைத்தது.

1933இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமையை ஏற்ற பின்னர், இயற்கை தானே அமைத்த மென்படலங்களை அவர் நாடினார். சிப்பியின் உட்புறம் சுண்ணப்பொருளாலான தகடுகள் அடுக்கடுக்காய் அமைந்தது. ஒவ்வொரு தகடும் ஒரு மில்லிமீற்றரின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு அளவே தடிப்புடையது. அடுக்குதோறும் தெறிக்கும் ஒளியலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தியும் அழித்தும் நிறங்களைத் தோற்றுவிக்கின்றன. நம் வயல்வெளிகளிற் காணும் பனங்காடையின் நீலச் சிறகையும் அவர் ஆராய்ந்தார். அந்நீலமும் சாயமன்று, இறகின் நுண்ணமைப்பின் விளைவே. 1950இல் மாணவர் இருவருடன் சேர்ந்து எம் இலங்கையின் சந்திரகாந்தக் கல்லைப் பற்றியும் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார். அக்கல்லின் நிலவொளியும் இருவகைக் கனிப்பொருள்கள் நுண்ணிதாய் விரவிக் கிடப்பதனாலேயே எழுவது.

அவர் 1970 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். நான்கே ஆண்டுகளின் பின், 1974இல், இங்கிலாந்தின் சதாம்டன் நகரில், கரடுமுரடாக்கப்பட்ட வெள்ளி மேற்பரப்பிற் படிந்த மூலக்கூறுகளின் இராமன் ஒளி எதிர்பாராத வலிமையுடன் தோன்றியது. அம்மேற்பரப்பின் நுண்ணமைப்பே ஒளியை இலட்சக்கணக்கான மடங்கு பெருக்குகின்றது என்பது 1977இல் தெளிவாயிற்று. மிகச் சிறிதளவு நஞ்சையும் மருந்தையும் கண்டறிய இன்று நனோ அமைப்புடைய வெள்ளி, பொன் மேற்பரப்புகள் இதற்கெனவே ஆக்கப்படுகின்றன. ஓரணுத் தடிப்புள்ள கிராபீன் படலம் ஓர் அடுக்கா, இரண்டு அடுக்கா என்று அறிதற்கும் இராமன் ஒளியே துணை. மென்படலத்தையும் ஒளிச்சிதறலையும் தனித்தனியே ஆராய்ந்த பெரியார், இரண்டும் ஒன்றுகூடிய இந்நாளைக் காணாது போயினார்.

அவரிடம் குறையே இல்லை என்று கூறுதல் உண்மைக்கு ஒவ்வாது. பிடிவாதமும் கடுஞ்சொல்லும் அவரைப் பலரிடமிருந்து பிரித்தன. பிணக்குகளின் நடுவே 1937இல் கழகத்தின் தலைமையிலிருந்து விலகிப் பேராசிரியராகவே பணி தொடர்ந்தார். பளிங்குகளின் அதிர்வு குறித்து மாக்ஸ் போர்னுடன் நீண்ட வாதம் நடத்தினார். அதில் விஞ்ஞான உலகம் போர்னின் கொள்கையையே ஏற்றது. எனினும் 1948இல் தாமே பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைத்து, இறுதிவரை அங்கே உழைத்தார்.

கருவிகள் போதா, வசதிகள் போதா என்று நம் மாணவர் வருந்துதல் நியாயமே. அவற்றைத் தேடிக்கொடுப்பது பெரியோர் கடன். ஆயினும் சூரியவொளியும் சில வில்லைகளும் நிறவடிகளும் சிறு நிறமாலைகாட்டியும் கொண்டே இராமன் தம் ஆராய்ச்சியைத் தொடங்கினார் என்பதை அவர்கள் மறத்தலாகாது. கண்ணெதிரே கிடப்பதை ஏன் என்று வினவும் பழக்கத்தை எந்த நிதியும் வாங்கித் தராது. அதனை வளர்த்தலே கல்லூரியின் முதற் கடமையாகும்.