நிழல் விழாத முற்றம்

தமிழ்நாட்டில் உங்கள் தாத்தா பாட்டியின் ஊரில் முற்றம் வைத்த பழைய வீட்டைக் கண்டிருப்பீர்கள். காலை வேளையில் அங்கே வெயில் நேரே விழாது. ஆயினும் இருளாகவும் இராது. வானத்தின் ஒளி மேலிருந்து மெல்லப் பரவும். அங்கு நிற்பவருக்குக் கூர்மையான நிழல் இல்லை. அவ்வொளியைத் திரையில் கொண்டுவந்தவர், கொல்கத்தாவில் 1930 ஆம் ஆண்டு அக்டோபர் 12 ஆம் நாள் பிறந்த ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா.

அவர் மாணவராக இருந்தபோது, பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' என்னும் படத்தை எடுக்கக் கொல்கத்தாவுக்கு வந்தார். மித்ரா உதவியாளர் பணி வேண்டினார், கிடைக்கவில்லை. பார்வையாளராக நிற்க மட்டும் இசைவு கிடைத்தது. நாள்தோறும் சென்று, விளக்குகள் நின்ற இடங்களையும் ஒளி விழுந்த திசைகளையும் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். மீண்டும் எடுக்கவேண்டிய காட்சி ஒன்றிற்கு, முந்தைய ஒளியமைப்பை அறியப் படத்தின் ஒளிப்பதிவாளரே அக்குறிப்பேட்டைக் கேட்டு வாங்கினாராம்!

அங்கு அறிமுகமான சத்யஜித் ரே, தம் முதற்படமாகிய 'பதேர் பாஞ்சாலி'க்கு மித்ராவையே ஒளிப்பதிவாளராக்கினார். 1952 இல் படப்பிடிப்பு தொடங்கியபோது மித்ராவுக்கு வயது 22. அதற்கு முன் அவர் திரைப்படக் கருவியை இயக்கியதே இல்லை. பணமின்றிப் பணி பலமுறை நின்றது. கொல்கத்தாவை அடுத்த போரால் சிற்றூரில் கிடைத்த இயற்கை ஒளியையே பெரிதும் நம்பி எடுத்த அப்படம் 1955 இல் வெளிவந்தது. ரவிசங்கர் இசையமைத்த அப்படத்தின் சில பகுதிகளுக்குச் சிதார் வாசித்தவரும் மித்ராவே.

அடுத்த படம் 'அபராஜிதோ'. காசியில் ஒரு வீட்டு முற்றம் கதைக்களம். பருவமழைக்கு அஞ்சிய கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா, அம்முற்றத்தைக் கொல்கத்தாவில் படப்பிடிப்பு அரங்கிற்குள்ளேயே அமைக்க முடிவு செய்தார். மித்ரா மறுத்து வாதாடினார். விளக்கு மிகச் சிறிய இடத்திலிருந்து ஒளியை வீசுவது. அதனால் சுவரில் கருநிழல் விழும். நான்கு விளக்குகள் வைத்தால் ஒருவருக்கே நான்கு நிழல்கள் தோன்றும். வானமோ மிகப் பரந்தது. எல்லாத் திசைகளிலிருந்தும் ஒளி தருவது. அரங்கிற்குள் வானத்திற்கு எங்கே போவது?

வாதத்தில் மித்ரா தோற்றார். முற்றம் அரங்கிற்குள்ளேயே எழுந்தது. ஆனால் பொய்யான ஒளியில் படமெடுக்க அவர் மனம் ஒப்பவில்லை. முற்றத்தின்மேல் வெள்ளைத் துணியை விரித்துக் கட்டச் செய்தார். விளக்குகளை நடிகர்மீது காட்டாமல், கீழிருந்து துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி பரவலாக இறங்கியது, துணியே வானமாயிற்று. விலையுயர்ந்த புதுக்கருவி எதுவும் தேவைப்படவில்லை. வெயில் படும் வெள்ளைச் சுவர் எதிர் அறைக்கு வெளிச்சம் தருவதை நீங்களும் பார்த்திருப்பீர்களே, அதே இயல்புதான்.

1957 இல் வெனிஸ் திரைப்பட விழாவின் தங்கச் சிங்க விருது அப்படத்திற்குக் கிடைத்தது. பின்னாளில் ஐரோப்பியர் இம்முறையைக் கையாண்டபோது உலகம் புதுமை எனப் புகழ்ந்தது. கொல்கத்தாவில் அது முன்பே பழகிய செயல்.

'சாருலதா' முதலிய படங்களிலும் அவர் பணி தொடர்ந்தது. பத்மஸ்ரீ விருதும் பெற்றார். இறுதிக்காலத்தில் கொல்கத்தாவிலுள்ள சத்யஜித் ரே திரைப்பட நிறுவனத்தில் மாணவர்க்கு ஒளிப்பதிவு கற்பித்துவந்த மித்ரா, 2001 ஆம் ஆண்டு டிசம்பர் 7 ஆம் நாள் மறைந்தார்.