மரியா மிட்செல்

மரியா மிட்செல் (ஆகஸ்ட் 1, 1818 – ஜூன் 28, 1889) அமெரிக்காவைச் சேர்ந்த வானியலாளரும் பேராசிரியரும் ஆவார். அந்நாட்டின் முதல் தொழில்முறைப் பெண் வானியலாளராகக் கருதப்படுகிறார். வால்வெள்ளி ஒன்றைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற இவர், வானில் அவ்வப்போது நிகழ்வனவற்றையும் சமகால உலக நடப்புகளையும் பாடமாக்கிய ஆசிரியராகவும் நினைவுகூரப்படுகிறார்.

இளமைக்காலம்

மாசச்சூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த நாண்டுக்கெட் தீவில் குவேக்கர் குடும்பமொன்றில் பிறந்தார். திமிங்கில வேட்டைக் கப்பல்களின் துறைமுகமாக அத்தீவு அன்று விளங்கியது. ஆசிரியரான தந்தை வில்லியம் மிட்செல், விண்மீன்களை நோக்கிக் கப்பல் கடிகாரங்களைச் சரிபார்க்கும் பணியையும் செய்துவந்தார். 1831 பெப்ரவரியில் நிகழ்ந்த கங்கண சூரிய கிரகணத்தைத் தந்தை தொலைநோக்கியில் நோக்க, 12 வயது மரியா நேரத்தைக் கணித்துத் துணைபுரிந்தார். தமது வீடு அமைந்த இடத்தின் நெட்டாங்கை அறிய அக்கணிப்பு அவர்களுக்கு உதவியது. பிற்காலத்தில் இவர் கைக்கொண்ட கற்பித்தல் முறைக்கு இந்நிகழ்வையே தொடக்கமாகக் கொள்ளலாம்.

1835 இல் சொந்தமாக ஒரு பள்ளியைத் தொடங்கி, நிறவேறுபாடு பாராமல் குழந்தைகளைச் சேர்த்தார். அடுத்த ஆண்டு தீவின் நூலகராகி ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். அக்டோபர் 1, 1847 இரவு புதிய வால்வெள்ளி ஒன்றைக் கண்டார். இதற்காக டென்மார்க் மன்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது.

வாசர் கல்லூரியில்

நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கென நிறுவப்பட்ட வாசர் கல்லூரி 1865 இல் திறக்கப்பட்டபோது வானியல் பேராசிரியராகவும் வானாய்வகத்தின் இயக்குநராகவும் பொறுப்பேற்றார். கல்லூரியில் பயிலாத ஒருவர் அங்கு பேராசிரியரானது குறிப்பிடத்தக்கது. ஆண் பேராசிரியர்களைவிட மிகக் குறைந்த ஊதியமே தரப்படுவதை அறிந்து, சக பேராசிரியரான அலிடா ஏவரியுடன் இணைந்து முறையிட்டு உயர்வு பெற்றார்.

பாடநூலில் உள்ளதை ஒப்புவிப்பதை இவர் விரும்பவில்லை. மதிப்பெண் இடுவதிலும் இவருக்கு நம்பிக்கை இருந்ததில்லை. அன்றைய வானமே அன்றைய பாடமாயிற்று. 1869 ஆகஸ்டில் முழுச் சூரிய கிரகணம் காண மாணவியரை ஐயோவா மாநிலத்தின் பர்லிங்டன் நகருக்கு அழைத்துச் சென்றார். 1870களில் மாணவியர் சூரியப் புள்ளிகளைத் தொடர்ந்து ஒளிப்படம் எடுத்தனர். அவர்கள் கணித்த கோள்களின் நிலைகள், சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வானியல் குறிப்புகளாக வெளிவந்தன. வகுப்பறைப் பயிற்சி பொதுமக்கள் படிக்கும் செய்தியாக மாறியது அக்காலத்தில் அரிய ஒன்றாகும். 1882 டிசம்பரில் நிகழ்ந்த வெள்ளிக் கோளின் சூரியக் கடப்பையும் மாணவியருடன் படம்பிடித்தார்.

வானாய்வகத்தில் விண்மீன்கள் மட்டுமே பேசுபொருளாக இருக்கவில்லை. அரசியலும் பெண்களின் உரிமைகளும் அங்கு விவாதிக்கப்பட்டன. ஜூலியா வார்டு ஹோ போன்றோர் மாணவியரிடையே உரையாற்ற அழைக்கப்பட்டனர்.

1878 கிரகணம்

உயர்கல்வி பெண்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் என்று வாதிட்ட நூலொன்றை 1873 இல் பாஸ்டன் மருத்துவர் எட்வர்ட் கிளார்க் வெளியிட்டார். அந்நூல் பரவலான ஆதரவு பெற்றது. பெண்கள் கல்லூரிகளின் எதிர்காலமே கேள்விக்குள்ளான நேரம் அது. இந்நிலையில் ஜூலை 29, 1878 கிரகணத்தை ஆய்வு செய்ய, தங்கையையும் முன்னாள் மாணவியரையும் கொண்ட குழுவுடன் மிட்செல் டென்வர் சென்றார். வழியில் இரு தொடர்வண்டி நிறுவனங்களின் பிணக்கால் தொலைநோக்கிக் கருவிகள் தாமதமாயின. எனினும் உரிய நேரத்துக்குள் வந்து சேர்ந்தன. மூன்று நிமிடத்துக்கும் குறைவாக நீடித்த முழுமறைப்பைப் பெண்கள் மட்டுமே அடங்கிய அக்குழு திறந்தவெளியில் நின்று பதிவு செய்தது. கிளார்க்கின் வாதத்துக்கு இதைவிடத் தெளிவான மறுமொழியை எழுத்தில் தந்திருக்க இயலாது.

இறுதிக்காலம்

1888 டிசம்பரில் ஓய்வு பெற்று, அடுத்த ஆண்டு லின் நகரில் காலமானார். இவரது மாணவி மேரி விட்னி வானாய்வகப் பொறுப்பை ஏற்றார். வேதியியலாளர் எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ், விண்மீன் நிறமாலைகளை வகைப்படுத்திய அன்டோனியா மோரி ஆகியோரும் இவரிடம் பயின்றவர்களே. நிலவின் கிண்ணக்குழி ஒன்றுக்கு இவரது பெயர் சூட்டப்பட்டுள்ளது.