மகளுக்கு மனோரமா என்று பேரிட்ட தாய்



போன வருஷம் ஒரு காலையில் என் வீட்டில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். கும்மிடிப்பூண்டிக்குப் போகிற கம்பெனி பஸ் வர கால் மணி நேரந்தான் இருந்தது. நாலாவது படிக்கிற என் மகள் பால் பாக்கெட்டைக் கை தவறிக் கீழே போட்டுவிட்டாள். நான் இன்னும் வாய் திறக்கவில்லை. அதற்குள் அவளே தலையில் அடித்துக்கொண்டு, நான் ஒரு பீடை என்றாள்.

அந்த வார்த்தையை நான் அவளை ஒருநாளும் சொன்னதில்லை. என்னைத்தான் சொல்லிக்கொண்டேன். வீட்டுக்காரர் இறந்த நாள்முதல் பீடை, ராசி கெட்டவ, என்னால ஒண்ணும் ஆகாது என்று அடுப்படியிலும் பஸ்ஸிலும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தேன். ஜெபத்திலும் அதே பேச்சுதான். அதற்குத் தாழ்மை என்று பேர் வைத்திருந்தேன். பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்திருக்கிறாள்.

அந்த வாரம் எங்கள் பெரியபாளையம் வீட்டுக் கூட்டத்தில் இதைச் சொல்லி அழுதேன். பாஸ்டரம்மா எனக்குப் பிரசங்கம் ஒன்றும் பண்ணவில்லை. பண்டித ரமாபாயின் ஜீவிய சரித்திரத்தைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். முக்தி மிஷனில் 1905-ல் உண்டான எழுப்புதலை நம்மில் அநேகர் கேள்விப்பட்டிருப்போம். எனக்கும் அவ்வளவுதான் தெரியும். ஆனால் அதற்கு முந்தின கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ரமாபாய் 1858-ல் மேற்குத்தொடர்ச்சி மலைக்காட்டில் பிறந்தவர். தகப்பனார் அனந்த சாஸ்திரி பெரிய சமஸ்கிருத பண்டிதர். பெண்ணுக்கு அந்தப் பாஷை ஆகாது என்றிருந்த காலத்தில் தன் மனைவிக்குக் கற்றுக்கொடுத்தார். அந்தத் தாய் மகளுக்குக் கற்றுக்கொடுத்தார். குடும்பத்தோடு ஊர் ஊராய் நடந்து, கோயில்களில் புராணம் வாசித்துப் பிழைத்தார்கள். 1870-களின் பஞ்சம் அவர்களை நம்முடைய பழைய சென்னை மாகாணத்தில் வைத்துப் பிடித்தது. தகப்பன், தாய், அக்காள் மூவரும் அடுத்தடுத்துப் போனார்கள். மிஞ்சின அண்ணனும் 1880-ல் போனார். அதே வருஷம் பிபின் பிஹாரி என்கிற வங்காள வக்கீலை விவாகம்பண்ணினார். 1882-ல் அவரையும் காலரா கொண்டுபோயிற்று. எட்டு வருஷத்தில் ஐந்து சாவு! கையில் ஒரு வயது நிரம்பாத பெண் குழந்தை. அப்போது ரமாபாய்க்கு வயது 23.

புருஷன் செத்தால் பெண்சாதி பூர்வ ஜென்மத்தில் செய்த பாவந்தான் காரணம் என்று சொல்லிய காலம் அது. தலையைச் சிரைத்து மூலையில் உட்கார வைப்பார்கள். பத்து வயதுப் பிள்ளைகளுக்குக்கூட அந்தக் கதிதான். ஊர் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்தப் பிள்ளைகளும் தங்களைப்பற்றி அதையே சொல்லிக்கொள்ளும். ரமாபாயும் அப்படிச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். யார் குறை சொல்லுவார்?

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு யோசித்தேன். பெண் குழந்தை வேண்டும் என்று அவரும் கணவரும் ஆசைப்பட்டுப் பெற்ற பிள்ளை அது. மனதுக்கு மகிழ்ச்சி என்று அர்த்தப்படும்படி மனோரமா என்று பேரிட்டார்கள். தகப்பன் செத்த பிறகும் அந்தப் பேர் மாறவில்லை. ராகேல் சாகும் வேதனையில் தன் பிள்ளைக்குத் துக்கத்தின் மகன் என்று பெனோனி எனப் பேரிட்டாள். யாக்கோபு அதை விடாமல் பென்யமீன் என்று மாற்றினான். நகோமி என்னை மாராள் என்று கூப்பிடுங்கள் என்றாள். ஆனாலும் வேதம் கடைசிவரை அவளை நகோமி என்றே எழுதுகிறது. இத்தனை வருஷம் வாசித்தும் இது என் கண்ணில் படவில்லையே!

1883-ல் இங்கிலாந்தில் ஞானஸ்நானம் பெற்றார். பிறகு அமெரிக்கா போய், இந்து விதவைகளின் நிலையை எழுதியும் பேசியும் உதவி திரட்டினார். 1889-ல் பம்பாயில் சாரதா சதன் திறந்தார். கல்வியின் வீடு! கல்வி ஆகாது என்று தள்ளினவர்களுக்கு அந்தப் பேர். பின்னால் பூனாவுக்கு அப்பால் கேட்காவில் நிலம் வாங்கி எழும்பின இடம் முக்தி, அதாவது விடுதலை. கெட்டுப்போனவர்கள் என்று ஊர் தள்ளின பெண்களின் வீட்டுக்குக் கிருபா சதன். கிழவிகளும் பலவீனரும் இருந்த வீட்டுக்குப் பிரீதி சதன், அன்பின் வீடு. கண் தெரியாதவர்களின் வீட்டுக்கு, பார்வையடைந்த பர்திமேயுவின் பேர். உள்ளே வந்தவள் எந்த வீட்டுக்காரி என்று கேட்டால், நான் கிருபையின் வீட்டுக்காரி என்றுதானே சொல்லவேண்டும்?

இந்த இடத்தில் ஒன்று சொல்லவேண்டும். நல்ல வார்த்தையை அறிக்கை செய்தால் போதும், எல்லாம் தானாய் மாறும் என்று சிலர் போதிக்கிறார்கள். எனக்கு அது ஒத்துவரவில்லை. ரமாபாய் பேரை மட்டும் மாற்றிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1896, 97 பஞ்சத்தில் மத்திய மாகாணத்துக்குப் போய், பட்டினியால் எலும்பாய்க் கிடந்த பெண்களையும் பிள்ளைகளையும் நூற்றுக்கணக்கில் கூட்டிவந்தார். பட்டினி அவருக்குத் தெரியாததா? அவர்களுக்கு எழுத்து, நெசவு, விவசாயம், எண்ணெய் ஆட்டுவது, அச்சுவேலை எல்லாம் பழக்கினார். மகள் மனோரமா கண் தெரியாதவர்களுக்குப் பிரெயில் எழுத்தைச் சொல்லிக்கொடுத்தார். என்னால ஒண்ணும் ஆகாது என்றவள், தன் கையால் நெய்த துணியைப் பார்த்த பிறகு அதை எப்படிச் சொல்லுவாள்?

துக்கம் அவரை விட்டுவிடவில்லை. காது மந்தமாயிற்று. 1921-ல் மனோரமாவும் மரித்துப்போனாள். எபிரெயுவும் கிரேக்கும் படித்து, சாதாரணப் பெண்ணுக்கும் விளங்குகிற மராத்தியில் வேதத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். மகளை அடக்கம்பண்ணின பிறகும் அதை விடாமல் முடித்து, 1922 ஏப்ரல் 5-ல் நித்திரையடைந்தார். அந்த மராத்தி வேதாகமத்தை அச்சிட்டது முக்தியின் சொந்த அச்சாபீஸ். அதில் வேலை செய்தது அந்தப் பெண்கள்தான்.

என் நாக்கு ஒரே நாளில் திருந்தவில்லை. பீடை என்று வாய்வரை வரும். இப்போது அந்த இடத்தில், நடந்தது என்னவோ அதைமட்டும் சொல்லிப் பழகுகிறேன். ஷிப்டு முடிந்தது, கால் வலிக்கிறது, சோறு ஆக்கியாயிற்று என்று.

போன வாரம் அவசரத்தில் அடுப்பைக் கவனிக்கவில்லை. பால் பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. மகள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு என் வாயையே பார்த்தாள். பால் பொங்கிடுச்சு, துணி எடுத்துட்டு வா கண்ணு என்றேன். அவள் ஓடிப்போய் எடுத்துவந்தாள்.