ஜார்ஜ் கேட்பரி: தோட்டத்தின் நடுவே ஒரு தொழிற்சாலை

கேட்பரி என்ற பெயரைக் கேட்டதும் நம் வீட்டுக் குழந்தைகளின் நினைவில் எழுவது ஊதா நிறத் தாளில் சுற்றிய சாக்லேட். அது ஒரு குடும்பத்தின் பெயர் என்பதும், அக்குடும்பத்தில் பிறந்த ஒருவர் தூய உணவு, தொழிலாளர் குடியிருப்பு, முதியோர் உதவித்தொகை ஆகியவற்றுக்காகத் தம் செல்வத்தையும் வாழ்நாளையும் செலவிட்டார் என்பதும் பெரியவர்களிலும் பலர் அறியாதவை. அவர் தவறாத மனிதர் அல்லர். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஜார்ஜ் கேட்பரி 1839 ஆம் ஆண்டு செப்டம்பர் 19 ஆம் நாள் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரை ஒட்டிய எட்ஜ்பாஸ்டனில் பிறந்தார். தந்தையார் ஜான் கேட்பரி 1824 இல் தேயிலையும் காப்பியும் கொக்கோவும் விற்கும் கடையொன்றைத் திறந்தவர். பின்னர்க் கொக்கோத் தயாரிப்பிலும் இறங்கியவர். குடும்பத்தினர் குவேக்கர் நெறியைப் பின்பற்றினர். கிறித்தவத்தில் சிறியதொரு பிரிவு அது. அவர்களிடம் குருமார் இல்லை. வழிபாடு பெரும்பாலும் மௌனமே. போர்க்கருவி ஏந்துதல் அவர்களுக்கு ஆகாது. நாட்டின் அரசுத் திருச்சபையைச் சேராதவர்க்கு அந்நாளில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் வாயில் அடைபட்டிருந்தது. படைப்பணியை அவர்களே விலக்கினர். எஞ்சியது வணிகம். எண்ணிக்கையில் குறைந்த, வாக்குத் தவறாமையால் வணிகத்தில் பெயர் பெற்ற ஒரு சமூகம் எப்படி இருக்கும் என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

1861 இல் தந்தையார் தளர்ந்து ஒதுங்கியபோது, 25 வயதான ரிச்சர்டும் 21 வயதான ஜார்ஜும் தொழிலை ஏற்றனர். அது நொடித்துக் கொண்டிருந்த தொழில். தாய்வழி வந்த பணத்தை இருவரும் அதில் இட்டு நிரப்பினர். ஜார்ஜ் தேநீரையும் நாளிதழையும்கூட நிறுத்திவிட்டு, ஆண்டுக்கு ஏறத்தாழ 25 பவுண்டில் தம் சொந்தச் செலவை முடித்துக் கொண்டார். தொழில் தேறாவிட்டால் நம் நாட்டு இமயமலைச் சரிவுக்கு வந்து தேயிலை பயிரிடலாம் என்றும் எண்ணியிருந்தாராம். 1864 இல் சிறிது ஆதாயம் தென்பட்டது. இமயமலைப் பயணம் கைவிடப்பட்டது.

அக்காலத்துக் கொக்கோவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கொக்கோ விதையில் கொழுப்பு மிகுதி. அதை மறைப்பதற்காக உருளைக்கிழங்கு மாவு, சவ்வரிசி, வெல்லப்பாகு ஆகியவற்றைக் கலந்து விற்பதே வழக்கம். கேட்பரியின் சரக்கும் அதற்கு விலக்கன்று. வேறு சிலர் செங்கற்பொடியையே கலந்தனர் என்பதை 1850 களில் இலண்டன் மருத்துவ இதழொன்று ஆய்ந்து வெளிப்படுத்தியது. சகோதரர்கள் ஆலந்து நாட்டிலிருந்து கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் பொறியை வரவழைத்து, 1866 இல் கலப்பில்லாத கொக்கோப் பொடியை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். மற்றவற்றைவிட விலை கூடுதல். உணவுக் கலப்படம் பற்றிய விவாதம் நாடெங்கும் மூண்டு 1872 இலும் 1875 இலும் சட்டங்கள் பிறந்தபோது, தூய்மையையே விளம்பரமாக்கியிருந்த அவர்களுடைய சரக்கு முன்னணிக்கு வந்துவிட்டது. இதில் அறமும் உண்டு, கூர்த்த வணிக மதியும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க முயல்வது வீண் வேலை என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஜார்ஜின் மனத்தை உருவாக்கிய இடம் ஆலையன்று, ஞாயிற்றுக்கிழமைப் பள்ளி. எழுத்தறியாத தொழிலாளர்க்கு அதிகாலையில் எழுதப் படிக்கக் கற்பிக்கும் வகுப்பு அது. இளமையில் தொடங்கியவர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் அதை நடத்தினார். வகுப்பறையில் வாழ்நாளைக் கழித்த எனக்கு அவருடைய செயல்களிலெல்லாம் இதுவே பெரிதாகப் படுகிறது. வகுப்புக்கு வாராதவரைத் தேடி அவர்தம் வீடுகளுக்குச் சென்றபோதுதான், புகை படிந்த சந்துகளில், முற்றமும் வெளிச்சமும் அற்ற குடியிருப்புகளில் அவர்கள் வாழும் நிலையைக் கண்டார். குடிப்பழக்கத்தைக் கண்டித்து அறிவுரை கூறி வந்தவர், வேலை முடிந்து அத்தகைய வீட்டுக்குத் திரும்பும் மனிதன் மதுக்கடைக்குப் போகாமல் வேறெங்குப் போவான் என்று எண்ணத் தொடங்கினார்.

நகரின் நடுவிலிருந்த ஆலை இடம் போதாமல் நெருக்கியபோது, 1879 இல் சகோதரர்கள் அதை நான்கு கல் தொலைவிலிருந்த வயல்வெளிக்கு மாற்றினர். அருகில் கால்வாய்ப் போக்குவரத்தும் இரயில் பாதையும் இருந்தன. அங்கே ஓடிய போர்ன் என்னும் ஓடையின் பெயரோடு பிரெஞ்சுச் சொல்லொன்றைச் சேர்த்துப் போர்ன்வில் எனப் பெயரிட்டனர். பிரெஞ்சுச் சாக்லேட்டுக்கு அன்றிருந்த மதிப்பு இப்பெயருக்கும் கிட்டட்டும் என்பது கணக்கு. ஆலையைச் சுற்றி மரங்களும், விளையாட்டுத் திடல்களும், தொழிலாளர் நடந்து உலவப் பூங்காக்களும் அமைந்தன. தோட்டத்துள் தொழிற்சாலை என்று மக்கள் அதை அழைத்தனர். ஆனால் திருமணமான பெண்களுக்கு அங்கே வேலையில்லை. மணம் முடித்ததும் விடைபெற்றாக வேண்டும். அந்நாளின் வழக்கம்தான் அது. எனினும் ஒரு குறை குறையே.

1893 இல் ஜார்ஜ் ஆலையை ஒட்டி 120 ஏக்கர் நிலத்தைத் தம் பொறுப்பில் வாங்கினார். 1895 முதல் வீடுகள் எழுந்தன. ஒவ்வொரு வீடும் தன் மனையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் அடைத்தல் கூடாது, எஞ்சியது தோட்டம். குடிவருவோர்க்கு முன்பே மண் கொத்திப் பண்படுத்தப்பட்டு, மனையின் கோடியில் பழ மரங்கள் நடப்பட்டிருக்கும். காய்கறியும் பழமும் வாடகைச் சுமையில் ஒரு பகுதியைக் குறைக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். அழகுக்காக மட்டும் மரம் வளர்த்தவர் அல்லர்.

தொடக்கத்தில் வீடுகளை அடக்க விலைக்கே நெடுங்காலக் குத்தகையாகக் கொடுத்தார். வாங்கியவருள் சிலர் அவற்றை இலாபத்துக்கு விற்றனர். நல்லெண்ணம் மட்டும் போதாது, அதைக் காக்கும் அமைப்பும் வேண்டும் என்பதை அவர் அப்போது உணர்ந்தார். 1900 ஆம் ஆண்டு டிசம்பரில் 330 ஏக்கர் நிலத்தையும் முந்நூறுக்கு மேற்பட்ட வீடுகளையும் போர்ன்வில் கிராம அறக்கட்டளைக்கு எழுதி வைத்தார். வருவாயில் ஒரு காசும் குடும்பத்துக்கோ ஆலைக்கோ வாராது. அது மேலும் வீடு கட்டவும் குடியிருப்பைப் பேணவுமே செலவாக வேண்டும். சாலையும் வீட்டுத் தோட்டமும் நீங்கலாக நிலத்தில் பத்தில் ஒரு பங்கு பொதுப் பூங்காவாக நிற்க வேண்டும். மது விற்பனை கூடாது. யாவற்றினும் முக்கியமானது, ஆலைத் தொழிலாளர் மட்டுமின்றி எவரும் அங்கே குடியேறலாம் என்பது. குடியிருந்தோரில் பாதிக்கு மேற்பட்டோர் வேறிடங்களில் வேலை செய்தவர்களே. அறக்கட்டளை நிறுவுவோர் பலர் சாவியைத் தம் இடுப்பிலேயே வைத்துக் கொள்வது நாம் காணாததன்று.

கண்ணெதிரே இருந்தவர்பால் இவ்வளவு அக்கறை காட்டியவர், கண்ணுக்கெட்டாத இடத்தில் என்ன செய்தார்? இவ்வினாவை விட்டுவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்வது நேர்மையாகாது.

ஆலைக்கு வேண்டிய கொக்கோவில் ஏறத்தாழப் பாதி, ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்கு அப்பால் போர்த்துகீசியர் ஆண்ட சாவ் தோமே தீவிலிருந்து வந்தது. 1901 இல் ரிச்சர்டின் மகன் வில்லியம் ஒரு செய்தியைக் கொண்டு வந்தார். அத்தீவில் விற்பனைக்கு வந்த தோட்டமொன்றின் சொத்துப் பட்டியலில், பிற உடைமைகளோடு கறுப்பினத் தொழிலாளர்க்கும் விலை குறித்திருந்தது. அங்கோலாவின் உள்நாட்டிலிருந்து கடற்கரைக்கு நடத்தி வரப்பட்டு, ஐந்தாண்டு ஒப்பந்தம் என்ற பெயரில் தீவில் இறக்கப்பட்டவர்கள் ஊர் திரும்பியதே இல்லை. பெயர்தான் ஒப்பந்தம், நடந்தது அடிமை வாணிகம்.

ரிச்சர்டு 1899 இல் மறைந்துவிட்டதால் குழுமத்தின் தலைவர் ஜார்ஜே. உடனே கொள்முதலை நிறுத்தினால் சரக்கை வேறொருவர் வாங்குவார், நம் சொல்லுக்கு அங்கே மதிப்பிராது என்பது இயக்குநர்களின் வாதம். 1903 இல் வில்லியம் லிஸ்பன் சென்று முறையிட்டார். சீர்திருத்தம் வரும் என்று வாக்களித்தனர். 1905 இல் ஜோசப் பர்ட் என்பவர் போர்த்துகீசிய மொழி கற்று, தீவுக்கும் அங்கோலாவுக்கும் ஆய்வுக்கு அனுப்பப்பட்டார். ஹென்றி நெவின்சன் என்னும் இதழாளர் தாமாகச் சென்று கண்டவற்றை 1906 இல் நூலாக்கினார். நெடுவழியோரம் கிடந்த விலங்குகளையும் எலும்புகளையும் அவர் எழுதியிருந்தார். பிரிட்டிஷ் வெளியுறவுத் துறையோ பொறுத்திருக்கச் சொன்னது. டிரான்ஸ்வால் தங்கச் சுரங்கங்களுக்குப் போர்த்துகீசியர் ஆட்சிப் பகுதியிலிருந்து ஆள் தேவைப்பட்டது. இவ்வாறு ஆண்டுகள் கழிந்தன. கொக்கோ வந்து கொண்டே இருந்தது. தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என வினையை மூவகையாகக் காணும் நமக்கு, அக்கொள்முதல் இவற்றில் எதைச் சாரும் என்பது எளிதில் கடந்துவிடக் கூடிய வினா அன்று.

ஒருவாறாக 1909 மார்ச்சில் சாவ் தோமே கொக்கோவை இனி வாங்குவதில்லை என்று கேட்பரி நிறுவனம் அறிவித்தது. பிரை, ரவுண்ட்ரீ என்னும் பிற குவேக்கர் நிறுவனங்களும் உடன் நின்றன. அதற்குள் ஸ்டாண்டர்டு என்னும் இலண்டன் நாளிதழ் 1908 இல் கடுமையாக எழுதிவிட்டது. ஜார்ஜ் 1901 முதல் டெய்லி நியூஸ் இதழின் உரிமையாளர்களுள் ஒருவர்; போயர் போரை அதன் வாயிலாக எதிர்த்தவர்; குதிரைப் பந்தயக் குறிப்புகளை அதிலிருந்து நீக்கி விற்பனை இழப்பைத் தாங்கியவர். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர் படும் பாட்டை அவ்விதழ் அடிமைத்தனம் என்று சாடி வந்தது. அயலார் அடிமைகளைப் பற்றிப் பேசும் இவருடைய ஆலை யாருடைய உழைப்பில் ஓடுகிறது என்பதே ஸ்டாண்டர்டின் கேள்வி. நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது.

வழக்கு 1909 இறுதியில் பர்மிங்காமில் நடந்தது. எழுபது வயது ஜார்ஜும் சாட்சிக் கூண்டில் ஏறினார். எதிர்த்தரப்பில் எட்வர்டு கார்சன் என்னும் பெயர் பெற்ற வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்தார். கேட்பரி பக்கமே தீர்ப்பாயிற்று. வழக்குச் செலவும் கிடைத்தது. ஆனால் மானநட்டத்துக்கு இழப்பீடாக நடுவர் குழு விதித்த தொகை ஒரு பார்த்திங், அதாவது ஒரு பென்னியில் நான்கில் ஒரு பங்கு. வென்றவர்க்கு அதனினும் கடுமையான தண்டனை இருக்க முடியாது. அது தகுமா என்று கேட்டால், தகும் என்றே நான் சொல்வேன். அவர்கள் நாடகமாடவில்லை, உண்மையாகவே முயன்றனர். எனினும் எட்டாண்டுக் கொள்முதலை அந்த முயற்சி துடைத்துவிடாது.

நிறுவனம் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்த கோல்டு கோஸ்டின் பக்கம், அதாவது இன்றைய கானாவின் பக்கம் திரும்பியது. அங்கே குடியானவர்கள் தத்தம் சிறு நிலங்களில் கொக்கோ பயிரிட்டு வந்தனர். 1911 க்குள் உலகிலேயே மிகுதியாகக் கொக்கோ விளைவிக்கும் நாடாக அது உயர்ந்தது.

ஜார்ஜின் பிற செயல்களைச் சுருங்கச் சொல்லலாம். 1906 இல் ஆலையில் ஓய்வூதிய நிதி ஏற்பட்டது. அதே ஆண்டு, வீடுகளில் அற்பக் கூலிக்கு உழைக்கும் பெண்களின் நிலையை விளக்க டெய்லி நியூஸ் இலண்டனில் ஒரு கண்காட்சி நடத்தியது. சில தொழில்களில் குறைந்த அளவு கூலியை வரையறுத்த 1909 சட்டத்துக்கு அது வழி கோலியது. முதியோர் உதவித்தொகை இயக்கத்துக்கு அவர் பொருளுதவி செய்தார். 1908 இல் அது சட்டமாயிற்று. தாம் வாழ்ந்த உட்புரூக் மாளிகையை 1903 இல் குவேக்கர் கல்வி நிலையத்துக்கு ஈந்தார். புதிய இல்லத்தின் புல்வெளியில் கோடைதோறும் நகரச் சந்துகளின் ஏழைக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் வரவழைத்து விளையாடச் செய்தார். முதல் மனைவி மேரி 1887 இல் மறைந்த பின் மணந்த எலிசபெத் அம்மையார், இப்பணிகளில் அவருக்கு இணையாக நின்றார்.

1922 அக்டோபர் 24 ஆம் நாள் ஜார்ஜ் கேட்பரி காலமானார். போர்ன்வில் புல்வெளியில் பெருந்திரளாக மக்கள் கூடி விடை தந்தனர். வட்ட மேசை மாநாட்டுக்குச் சென்ற காந்தியடிகள் 1931 அக்டோபரில் அவருடைய பழைய இல்லமான உட்புரூக்கில் தங்கினார். சாக்லேட் நிறுவனம் 2010 இல் கைமாறி அமெரிக்கர் வசம் போயிற்று. கிராம அறக்கட்டளை கைமாறவில்லை. ஏறத்தாழ 1,000 ஏக்கர் நிலத்தை அது இன்றும் நிருவகித்து வருகிறது.