ஜானகி அம்மாள்: கரும்புக்குள் இருக்கும் நாணலைத் தேடிய விஞ்ஞானி

திருவண்ணாமலை மாவட்டம் வெம்பாக்கம், செய்யாறு பக்கம் கரும்பு போடுகிறவர்களுக்கு 'கோ 86032' ரகம் தெரியாமல் இருக்காது. அந்த 'கோ' வேறொன்றும் இல்லை, கோயம்புத்தூர்தான். 1912-ல் அங்கே தொடங்கிய கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் முத்திரை அது. மழை தள்ளிப்போய், வெயில் ஏறும் இந்தக் காலத்திலும் கரும்பு எப்படித் தாக்குப்பிடிக்குது?

நாணலுக்கு இதில் என்ன வேலை?

தித்திப்பான தடிமக் கரும்பு கொஞ்சம் சொகுசுப் பயிர். தண்ணீர் குறைந்தாலும் குளிர் கூடினாலும் வாடிவிடும். ஆற்றோரம் தானாக முளைக்கும் நாணலோ எல்லாத்தையும் தாங்கும், இனிப்புதான் இருக்காது. இரண்டையும் கலந்து, பிறக்கும் பயிரை மறுபடி மறுபடி நல்ல கரும்போடு சேர்த்தால் இனிப்பும் வரும், தெம்பும் நிற்கும். பார்பரும் வெங்கட்ராமனும் இப்படி உருவாக்கிய 'கோ 205', 1918-ல் பஞ்சாப் வயல்களுக்கே போனது.

யார் இந்த ஜானகி அம்மாள்?

1897-ல் தலச்சேரியில் பிறந்தவர். கல்யாணப் பேச்சை ஒதுக்கிவிட்டு அமெரிக்கா போய், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931-ல் முனைவர் பட்டம் வாங்கினார். 1934-ல் கோவை நிலையத்துக்கு வந்தார்.

நாணலின் குரோமோசோம்களை எண்ணுவதுதான் அவர் வேலை. கேட்க சாதாரணமா இருக்கும். ஆனால் அந்த எண்ணிக்கை இடத்துக்கு இடம் 40 முதல் 128 வரை மாறும். எதை எதோடு சேர்த்தால் பலன் கிடைக்கும் என்பதற்கு அதுதான் வழிகாட்டி. கரும்பை மக்காச்சோளத்தோடுகூட கலந்து பார்த்தார். பெண், அதிலும் ஒடுக்கப்பட்ட சாதி என்பதால் அங்கே அவர் சந்தித்த புறக்கணிப்பையும் அவரது வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

அடுத்து இங்கிலாந்து. லண்டனில் குண்டு விழுந்த இரவுகளிலும் ஆராய்ச்சி நிற்கவில்லை. டார்லிங்டனுடன் சேர்ந்து, பயிர்களின் குரோமோசோம் தொகுப்பு நூலை 1945-ல் வெளியிட்டார். 1951-ல் நேரு அழைத்து நாடு திரும்பினார்.

கைநழுவிய மரம்

ஷில்லாங்கிலிருந்து 37 மைல் பயணம் செய்து, அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு அபூர்வ மக்னோலியா மரத்தைப் பார்க்கப் போனார். போய்ப் பார்த்தால், மரம் எரிக்கப்பட்டிருந்தது. பயிருக்குத் தெம்பு தரும் குணங்கள் காட்டு இனங்களில்தான் இருக்கின்றன. காடு போனால் கடன் வாங்க வேறு இடம் கிடையாது.

எண்பது வயதைத் தாண்டியும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை அணைத் திட்டத்திலிருந்து காக்கும் முயற்சியில் இறங்கினார். 1983-ல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரியில் சென்னை மதுரவாயலில் ஜானகி அம்மாள் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் அந்தக் காடு தேசியப் பூங்கா ஆனது.