63 வயதில் தீவுப் பயணம்

ஆங்கில அகராதி தொகுத்துப் புகழ் பெற்றவர் சாமுவேல் ஜான்சன்.

இங்கிலாந்தில் லிச்பீல்டு என்ற ஊரில், 1709-ம் ஆண்டு பிறந்தார். தந்தை புத்தக வியாபாரி. பணம் இல்லாததால், ஆக்ஸ்போர்டு படிப்பு பாதியில் நின்றது. ஆயினும் ஜான்சன் சோர்ந்துவிடவில்லை. 1755-ல் அகராதியை வெளியிட்டார்.

1773-ல் அவருக்கு வயது 63. பருத்த உடல், மங்கிய பார்வை. அந்த நிலையில் ஸ்காட்லாந்து தீவுகளைப் பார்க்கப் புறப்பட்டார். துணைக்கு வந்தவர், பாஸ்வெல் என்ற இளம் வக்கீல்.

இன்வர்னஸ் நகரம் வரை குதிரை வண்டியில் போனார்கள். பிறகு குதிரை மீது ஏறிச் சென்றார்கள்.

ஸ்கை தீவில் இருந்து மல் தீவுக்குப் போகும்போது, கடலில் புயல் அடித்தது. படகு வழி தவறி, கோல் என்ற தீவில் ஒதுங்கியது. இருவரும் உயிர் தப்பினார்கள்!

தீவு மக்கள், காலை உணவுக்கு முன்பே விஸ்கி குடிப்பதை ஜான்சன் கண்டார். அவரோ மதுவை விட்டவர். எப்படித்தான் இருக்கும் என்று அறிய, இன்வரரே விடுதியில் ஒரே ஒரு முறை குடித்துப் பார்த்தார்.

ஆனால் அவர் மனதை வாட்டியது வேறு. நிலக் குத்தகை உயர்ந்ததால், ஏழைக் குடும்பங்கள் பிறந்த மண்ணை விட்டு, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறின.

இவற்றை எல்லாம் 1775-ல் புத்தகமாக வெளியிட்டார். 1784-ல் ஜான்சன் காலமானார். அந்த ஏழைகளின் துயரத்தை, அவருடைய புத்தகம் இன்றும் சொல்கிறது.